புது காலிப்பர் போட்டும் பின்சக்கரம் இறுக்கமா? கேபிள், ஹோஸ், பேட்: யார் மேல் சந்தேகம்?

காலிப்பரை (பேட் எனும் உரசுக்கட்டைகளால் டிஸ்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பாகம்) மாற்றிய பிறகும் பின்சக்கரம் பிடித்தால், 'சாமான் சரியில்லை' என்று இன்னொரு காலிப்பர் வாங்கப் போய்விடாதீர்கள். அதைச் சுற்றியுள்ள பழைய சாமான்களை முதலில் பாருங்கள். காலிப்பரிலேயே ஹேண்ட் பிரேக் கேபிள் மாட்டும் கார்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

லேசாக உரசும் சத்தம் பிரச்சினையே இல்லை. டிஸ்க் பிரேக்கில் பேடைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது அதன் ரப்பர் சீல்தான். அதுவும் ஒரு மில்லிமீட்டர்கூட இழுக்காது. கையால் சுற்றும்போது சக்கரம் முரண்டு பிடித்தாலோ, கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஒரு பக்க டிஸ்க் மட்டும் தகித்தாலோதான் கவலை.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். சக்கரம் பிடித்திருக்கும்போதே ப்ளீடிங் நிப்பிளை (காலிப்பரில் பிரேக் ஆயிலை வெளியே விடும் சின்ன திருகு) லேசாகத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் லேசானால் உள்ளே பிரஷர் மாட்டியிருக்கிறது: ஹோஸ் (காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் குழாய்) அல்லது மாஸ்டர் சிலிண்டர் (கால் பிரேக்கை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பாகம்). திறந்தும் சக்கரம் விடவில்லையென்றால் கேபிள், பேட், ஸ்லைடர் பின் (காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் கம்பி). இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

என் முதல் சந்தேகம் எப்போதும் கேபிள் மேல்தான். பழைய காலிப்பருக்கு ஏற்ப இழுத்து வைத்த கேபிளை அப்படியே புதியதில் மாட்டிவிடுகிறார்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்கும்போது, கேபிள் இழுக்கும் காலிப்பர் லிவர் அதன் ஸ்டாப்பரில் போய் உட்கார வேண்டும். தள்ளி நின்றால் பிரேக் முழுதாக விடாமல் போகலாம். கேபிளைக் கழற்றியதும் லிவர் 'டக்' என்று திரும்பி, சக்கரம் சுற்றினால் ஆளைப் பிடித்தாயிற்று. கழற்றியும் லிவர் திரும்பவில்லையென்றால் மட்டும் காலிப்பரைக் குறை சொல்லலாம். மாட்டும்போது கேபிளைத் தளர்த்தி வைத்து, கால் பிரேக்கைப் பலமுறை மிதித்து பேட் உட்கார்ந்த பிறகே கேபிளை இறுக்க வேண்டும். பல இடங்களில் இந்த வரிசைதான் தலைகீழாகிறது.

ஹோஸ் விஷயம் வேறு. வெளியே பளபளவென்று இருக்கும். உள்சுவர் ஊதி வழி அடைத்திருக்கும். கால் மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும். திரும்பி வர அந்தச் சின்ன சீலின் பலம் போதாது. காலிப்பரைக் கழற்றி ஹோஸிலேயே தொங்கவிட்டாலும், முறுக்கி மாட்டினாலும் இதே கதிதான். ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் மேல் மூட்டைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே தளர்த்தியும் விடாமல், நிப்பிளைத் திறந்தால் மட்டும் விட்டால் ஹோஸை மாற்றத்தான் வேண்டும். மேல் மூட்டிலேயே விட்டால் கோளாறு அதற்கும் மேலே. மாஸ்டர் சிலிண்டர் என்றால் ஒரு சக்கரத்தோடு நிற்பது அரிது. முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் குறுக்கே எதிர்ப்பக்க முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்ட் போய்விடும்.

ஸ்லைடர் பின்னுக்குச் சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். பேட் காதுகள் (இரு முனைகளிலும் நீட்டியிருக்கும் பகுதி) தம்மைத் தாங்கும் பிராக்கெட்டில் துரு ஏறி இறுகியிருந்தால் சுரண்டி எடுங்கள். திருகி உள்ளே தள்ளும் பிஸ்டனாக இருந்தால் அதன் முகத்தில் உள்ள வெட்டையும் பாருங்கள். உள்பக்க பேடின் பின்புறக் குமிழ் அதற்குள் உட்காரவில்லையென்றால் பேட் சாய்ந்து நின்று, ஒரு ஓரம் மட்டும் தேய்ந்துகொண்டே போகும்.