படுத்தும் நின்றும் அளந்த மூன்று ஆண்டுகள்: வீட்டு இரத்த அழுத்தக் கருவி

வில்லாபுரத்தில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் வாங்கிய, மேல்கையில் பட்டை சுற்றி அளக்கும் மின்னணுக் கருவி இது. எனக்கு வயது 62. சர்க்கரை நோய் வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. முதல் நான்கு மாதங்கள் எல்லோரையும் போல நாற்காலியில் உட்கார்ந்து காலையில் ஒரு முறை அளந்து குறித்துக்கொண்டேன். 140, 146, 150 என்றே எண்கள் வந்தன. அவற்றைப் பார்த்து, அப்போது சென்றுகொண்டிருந்த மருத்துவமனையில் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அதன் பிறகு, விடியற்காலையில் கட்டிலிலிருந்து எழுந்து குளியலறைக் கதவை எட்டுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வரத் தொடங்கியது. சித்திரை வெயிலில் மீனாட்சியம்மன் கோயில் வரிசையில் நின்றபோது, தூணைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். "பிரஷர் கூட இருக்குன்னுதானே மாத்திரை குடுத்தாங்க, அப்புறம் ஏங்க மயக்கம் வருது?" என்று என் மனைவி கேட்டதற்கு, பின்னர் பார்த்த நரம்பியல் மருத்துவரிடம்தான் விடை கிடைத்தது. அவர் சொல்லிக்கொடுத்த முறையில் அளக்கத் தொடங்கிய பிறகே இந்தக் கருவி கொடுத்த காசுக்கு உழைத்தது.

முறை எளியது. ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்திருந்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை அளக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், அது நிற்கும்போது ஏற்படும் தாழ் அழுத்தம். என் முதல் நாள் கணக்கு: படுக்கையில் 152/84, நாடித்துடிப்பு 86, மூன்றாவது நிமிடத்தில் 116/72, நாடித்துடிப்பு 89. உட்கார்ந்து மட்டுமே அளந்துவந்த நான்கு மாதங்களும் இந்தச் சரிவு என் குறிப்பேட்டில் ஓர் இடத்திலும் இல்லை.

மருத்துவர் அழுத்தத்தைவிட நாடித்துடிப்பையே கூர்ந்து பார்த்தார். நாம் எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை மூளைத்தண்டுக்குத் தெரிவிக்க, பரிவு நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தி வைத்திருக்கும் வேகஸ் நரம்பு தன் பிடியைத் தளர்த்த, இதயம் விரைகிறது. நம்மைக் கேட்காமலே சில நொடிகளில் இத்தனையும் முடிந்துவிடுவதால்தான் அதற்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் என்று பெயர். அழுத்தம் 36 இறங்கியும் துடிப்பு மூன்று மட்டுமே ஏறியது என்றால், செய்தியைக் கொண்டுசெல்லும் நரம்புகளே நீண்டகாலச் சர்க்கரை நோயால் பழுதாகியிருக்கின்றன என்று பொருள். நீர்ச்சத்துக் குறைவால் மட்டும் அழுத்தம் இறங்கியிருந்தால் துடிப்பு நன்றாகவே எகிறியிருக்கும். பல ஆண்டுகளாகப் பாதங்கள் வியர்க்காமல் காய்ந்து கிடந்ததற்கும், ஓய்விலும் துடிப்பு குறையாமல் இருந்ததற்கும் காரணம் இதே பழுதுதான்.

நின்று அளக்கும்போது நான் பல வாரங்கள் செய்த தவறு, கையைத் தொங்கவிட்டது. பட்டை இதயத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் அழுத்தம் ஏறத்தாழ 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். விழுந்த அழுத்தத்தில் ஒரு பகுதி அப்படியே மறைந்துபோகும். இப்போது அலமாரித் தட்டின் மேல் முன்கையை நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொள்கிறேன். பட்டையின் அளவும் முக்கியம். என் மேல்கைச் சுற்றளவு 34 சென்டிமீட்டர். கருவியுடன் வந்த பட்டை 32 வரைதான். சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால் பெரியதைத் தனியாக வாங்கினேன். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்கலாம்.

படுத்து அளந்தது எது, நின்று அளந்தது எது என்று கருவிக்குத் தெரியாது. இருவருக்கான நினைவகம் இருப்பதால், முதலாமவரைப் படுக்கைக்கும் இரண்டாமவரை நிற்பதற்கும் ஒதுக்கிவிட்டேன். என் மனைவிக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. அவர் நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

அளந்து அளந்து கண்டவற்றுள் பெரியது, மதியச் சாப்பாட்டின் விளைவு. வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் நின்ற அழுத்தம் 100-க்குக் கீழே போனது. செரிமானத்துக்காகக் குடலில் இரத்தம் தேங்கும்போது, அதை ஈடுகட்டும் நரம்பு வேலை என்னிடம் இல்லை. சாப்பாட்டைச் சிறு வேளைகளாகப் பிரித்த பிறகு அந்த இறக்கம் பாதியானது. படுக்கையை விட்டு எழுவதற்கு முன் இரண்டு தம்ளர் தண்ணீர் குடிப்பது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுவது, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியது ஆகிய மூன்றின் பலனையும் எண்களாகவே பார்த்தேன். கூட்டிய மாத்திரையை மருத்துவர் குறைத்தார்; சிறுநீர்ப் பிரச்சினைக்கு எடுத்துவந்த மாத்திரையும் அழுத்தத்தை இறக்கும் வகை என்பதால் அதை மாற்றினார். நானாக எதையும் நிறுத்தவில்லை. படுக்கையில் 150-ஐத் தாண்டுகிற ஒருவர் தன் விருப்பத்துக்கு மாத்திரையைக் கைவிடுவது ஆபத்து.

குறைகளும் உண்டு. ஒரு முறை அளக்க முக்கால் நிமிடம் ஆகிறது. எழுந்த முதல் அரை நிமிடத்தில் வரும் கிறுகிறுப்பை இக்கருவியால் பிடிக்க முடியாது. துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு எண்கள் நம்பத்தக்கவையாக இரா. ஒட்டுப்பட்டி இரண்டாம் ஆண்டிலேயே பிடிப்பை இழந்தது. ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவரின் கருவியுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மூன்று முறையும் வேறுபாடு ஐந்து புள்ளிக்குள் இருந்தது.

சென்ற வாரக் கணக்கு: படுக்கையில் 142, மூன்றாவது நிமிடத்தில் 124. துடிப்பு மட்டும் முன்போலவே 86-லிருந்து 89-க்குத்தான் ஏறுகிறது.