படகுக் கருவிகளுக்கான கனெக்டர்களும் கிகேட் ஃபுட்பிரின்ட் எடிட்டரும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளுக்கான மின்கல அளவீட்டுக் கருவிகளையும் விளக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் செய்து கொடுக்கும் எமது சிறு பட்டறையில், மின்சுற்றுப் பலகைகளை வடிவமைக்கும் கிகேட் மென்பொருளை 2018 இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பிலிருந்து தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். அதன் நூலகத்தில் ஜே.எஸ்.டி., மோலெக்ஸ், ஃபீனிக்ஸ் போன்ற நிறுவனங்களின் கனெக்டர்கள் ஏராளமாக இருந்தபோதிலும், உப்புக்காற்றில் சாதாரணக் கனெக்டரின் முனைகள் விரைவில் பச்சை பூத்துவிடுவதால், நீர் புகாத வகைகளையே நாம் நாட வேண்டியிருக்கிறது. கொழும்பு புறக்கோட்டையில் வாங்கும் அத்தகைய கனெக்டர்களில் பலவற்றுக்கு ஆயத்தமான ஃபுட்பிரின்ட், அதாவது உறுப்பின் முனைகள் பலகையில் அமரும் இடங்களின் வரைபடம், கிடைப்பதில்லை. ஆகவே நாமே வரைகிறோம்.

முனைகளைப் பற்றவைக்கும் உலோகத் திட்டுகளான பேட்களை வரிசையாக வைப்பது இந்த வேலையில் மிக எளிய பகுதி. முனைகளுக்கு இடையிலான தூரம்தான் முதலில் கவனிக்க வேண்டியது. ஜே.எஸ்.டி. எக்ஸ்.எச். வகையின் இடைவெளி 2.50 மில்லிமீற்றர்; அதை வழக்கமான 2.54 என எடுத்துக்கொண்டால் இரண்டு முனைக் கனெக்டரில் எதுவும் தெரியாது, பத்து முனைக் கனெக்டரிலோ மொத்தப் பிசகு 0.36 மில்லிமீற்றராகிவிடும். நடுவில் பொருத்தினாலும் இரு ஓரங்களிலும் 0.18 விலகும். 0.64 மில்லிமீற்றர் பக்கமுள்ள சதுர முனையின் மூலைவிட்டம் ஏறத்தாழ 0.9 என்பதால், 1.0 மில்லிமீற்றர் துளையில் அந்த விலகலுக்கு இடமே கிடையாது. அழுத்தி நுழைத்தால் முனை வளைந்து நிற்கும். இயந்திரத்தின் அதிர்வை நாள்தோறும் தாங்க வேண்டிய ஈயப் பற்றில் அந்த இழுவிசை தங்கிவிடும். பலகை செய்து தருபவர் துளை 0.08 வரை சிறுத்து வரலாம் என்று குறிப்பிட்டிருந்தால், 1.1 என்று கொடுப்பதே என் வழக்கம்.

அடுத்தது, வரைபடம் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கப்பட்டது என்பது. சில தரவுத்தாள்கள் (கனெக்டர் நிறுவனம் தரும் அளவு விவரத் தாள்கள்) பலகையின் மேற்புறத்தையும், சில ஈயம் பற்றவைக்கும் புறத்தையும், வேறு சில கனெக்டரின் வாயை நேரே பார்ப்பதையும் காட்டுகின்றன. ஒற்றை வரிசைக் கனெக்டரைத் திருப்பி வைத்தாவது சமாளிக்கலாம், ஆனால் இரட்டை வரிசையிலோ வட்ட வடிவிலோ இடம்வலம் மாறிவிட்டால் பலகையே வீண். ஆகவே ஒன்றாம் முனையைச் சதுர பேட்டாக வைத்து, ஃபுட்பிரின்டைத் தாளில் உண்மை அளவில் அச்சிட்டு, கனெக்டரைத் தாளின் மேற்புறத்திலிருந்து குத்திப் பார்த்த பின்னரே நூலகத்தில் சேர்ப்பது என்ற ஒழுங்கை நாம் எந்த அவசரத்திலும் விடுவதில்லை.

எனினும், கனெக்டர் என்பது மற்றொன்று வந்து செருகப்படும் உறுப்பு என்பதைத்தான் பெரும்பாலானோர் வரைபடத்தில் மறந்துவிடுகிறார்கள் என்று நான் கருதுகிறேன். கிகேட் நூலக விதிகள், கனெக்டரைச் சுற்றி விட வேண்டிய கோர்ட்யார்ட் இடைவெளியை, அதாவது வேறு உறுப்புகள் வரக்கூடாத வெற்றிடத்தை, 0.5 மில்லிமீற்றர் என்று வகுப்பதோடு, எதிர்ப்பகுதியைச் செருகத் தேவையான இடத்தையும் அதனோடு சேர்க்கச் சொல்கின்றன. மிக நல்ல விதி இது. நாம் அதற்கும் ஒரு படி மேலே போய், பூட்டு நாக்கை அழுத்தும் விரலுக்கும் இடம் விடுகிறோம், ஏனெனில் விடியற்காலையில் ஈரக் கையோடு அந்தக் கனெக்டரைக் கழற்றப் போகிறவர் படகுக்காரர். பெட்டியின் சுவர் எங்கே வரும், பலகையின் விளிம்பு எங்கே முடிய வேண்டும் என்பவற்றையும் கோடாக வரைந்து வைத்தால், பின்னொரு நாள் வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தும்போது எம்மிடம் கேட்க வேண்டியிராது.

மென்பொருளைப் பொறுத்தவரை எனக்கு நிறைவே மிகுதி. ஒரே இடைவெளியில் பல பேட்களை அடுக்கும் கருவி, நீள்துளைகளை நேரடியாகக் கொடுக்கும் வசதி, நிறுவனம் தரும் டி.எக்ஸ்.எஃப். கோப்பு வடிவ வரைபடத்தை உள்வாங்கும் வசதி ஆகியவை அன்றாடம் உதவுகின்றன. 2023 இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து தரவுத்தாளின் படத்தைப் பின்னணியில் வைத்து ஒப்பிடவும் முடிகிறது. ஆனால் எண்களை அளவுக் குறிப்புகளிலிருந்துதான் எடுக்க வேண்டும், படத்தின் மேல் கோடிழுத்து எடுக்கக்கூடாது. உறுப்பின் கன வடிவக் கோப்பான ஸ்டெப் மாதிரியை இணைத்து முப்பரிமாணத்தில் பார்த்தால், கனெக்டரைப் பலகையில் நிறுத்தும் பிளாஸ்டிக் ஊன்றுகோலுக்கான துளை விடுபட்டிருப்பது உடனே கண்ணில் படும்.

ஒரு குணத்தை மட்டும் புதியவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பலகைக் கோப்பு ஃபுட்பிரின்டின் பிரதியைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்வதால், நூலகத்தில் செய்யும் திருத்தம் பழைய பலகைக்குத் தானாகப் போய்ச் சேராது. அதற்குரிய கட்டளையைக் கொடுத்துத்தான் புதுப்பிக்க வேண்டும். ஏற்கனவே கடலில் ஓடிக்கொண்டிருக்கும் பலகை மாறாதிருப்பது நல்லதே என்பதால், நாம் ஒவ்வொரு ஃபுட்பிரின்டின் விவரக் குறிப்பிலும் தரவுத்தாளின் எண்ணையும் அதன் திருத்த எண்ணையும் எழுதி, எந்தப் பலகை எந்தத் திருத்தத்திலிருந்து செய்யப்பட்டது என்பதைக் கோப்பைத் திறந்தவுடன் பார்க்கும்படி வைத்திருக்கிறோம்.