கியர்பாக்ஸ் கசிவு: சீல் மாற்றுவதா, ரீகண்டிஷன் பெட்டியா?

செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், என் 2012 ஆட்டோ கியர் பெரோடுவா மைவி காருக்குக் கீழே சிவப்புச் சொட்டுகள் கிடந்தன. முதலில் போன பட்டறையில் எட்டிப் பார்த்த உடனே, "பெட்டி போயிடுச்சு பாஸ், ரீகண்டிஷன் போட்டுடலாம்" என்றார்கள். அதாவது, கியர்பாக்ஸையே கழற்றிவிட்டு, பழைய வண்டியின் பெட்டியைப் போடுவது. 1,000 ரிங்கிட்டுக்கு மேல் கேட்டார்கள். நான் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை மட்டும் மாற்றினேன்.

கசிவை அடைக்கும் பாட்டில் மருந்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது இறுகிப்போன ரப்பரை உப்ப வைக்கும். கிழிந்த சீலை ஒட்டாது.

ரீகண்டிஷன் பெட்டி பெரும்பாலும் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப்-கட் வண்டியிலிருந்து கழற்றியது. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எண்ணெய் ஒழுங்காக மாற்றினார்களா என்பதற்குச் சாட்சி இல்லை. அதன் சீல்களும் பழசுதான்! கியர் வழுக்கினால், எண்ணெய் கருகி நாறினால், பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் பானில் உலோகத் துகள் கிடந்தால் பெட்டி மாற்றுவது நியாயம். என் வண்டியில் இந்த மூன்றும் இல்லை.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது கசிவு எங்கே என்பதுதான். மைவியில் பவர் ஸ்டீயரிங் மின்சாரத்தில் ஓடுவதால் அதில் எண்ணெய் கிடையாது; சொட்டு அங்கிருந்து வராது. சிவப்பாக இருந்து தண்ணீர்போல் ஓடினால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட், வழவழப்பாக இருந்தால் கியர் எண்ணெய். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் இழுத்துப் பரப்பிவிடும். சொட்டும் இடத்தை நம்பாதீர்கள். அடிப்பாகத்தைக் கழுவித் துடைத்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு, ஈரத்தின் மேல் விளிம்பைத் தேடுங்கள். பான் கேஸ்கெட், கூலர் ஹோஸ் என்றால் சின்ன வேலை. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் சீலுக்கு ஷாஃப்டை மட்டும் உருவினால் போதும். என்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் முன் சீல் என்றால் பெட்டியையே இறக்கணும், கூலி அங்கேதான் ஏறும். அப்படி இறக்கினால் என்ஜினின் பின் சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

எனக்கு இடது பக்க ஷாஃப்ட் சீல். இரண்டாவது பட்டறை ஃபோர்மேன் அண்ணன் ஷாஃப்டை நகத்தால் தடவிப் பார்த்து, "பள்ளம் விழல தம்பி, புது சீல் நிக்கும்" என்றார். பள்ளம் இருந்தால் புது சீலும் சீக்கிரமே கசியுமாம். குறைந்த எண்ணெயை நிரப்பி, என்ஜினை ஓடவிட்டு, சூட்டில் அளவு பார்த்தார். எல்லாம் சேர்த்து 200 ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

ஐந்து மாதம்தான் ஆகிறது, அதனால் ஆயுளுக்கும் உத்தரவாதம் என்று சொல்லமாட்டேன். இன்னும் வாரம் ஒரு இரவு வண்டிக்குக் கீழே அட்டை விரித்துப் பார்க்கிறேன். இதுவரை காய்ந்தே இருக்கிறது.