எல்இடி இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறதா? ரெசிஸ்டரா, ஃபிளாஷரா?

பைக்கில் எல்இடி இண்டிகேட்டர் மாட்டிவிட்டுச் சுவிட்சைத் தள்ளினால், ஒன்று படபடவென்று அடிக்கும், இல்லையென்றால் மினுக்காமல் எரிந்தபடியே நிற்கும், சில வண்டிகளில் எரியவே எரியாது. ஸ்பேர்ஸ் கடையில் கேட்டால் ரெசிஸ்டர் (கரண்டை இழுத்து வெப்பமாக்கிவிடும் பாகம்) போடச் சொல்வார்கள், மெக்கானிக்கிடம் கேட்டால் ஃபிளாஷரை (இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் சிறு பெட்டி) மாற்று என்பார், இரண்டும் வேண்டாம், பழைய பல்பையே மாட்டு என்று சொல்லவும் ஆள் இருக்கும். மூன்றுமே வேலை செய்கிற வழிகள்தான். என் 150 சிசி வண்டியில் நான் ஃபிளாஷரை மாற்றினேன், தம்பி வண்டியில் ரெசிஸ்டர் போட்டிருந்தது. இரண்டும் மழைக்காலத்தைப் பார்த்துவிட்டன, அதனால் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்காமலே எழுதுகிறேன்.

ஏன் இப்படி ஆகிறது என்பது எளிது. நம் ஊர் கம்யூட்டர் வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட், 10 வாட் பல்புதான் இருக்கும். ஒரு பக்கம் முன்னும் பின்னும் சேர்த்து 20 வாட், கிட்டத்தட்ட 1.7 ஆம்பியர். பழைய ஃபிளாஷர் இந்தக் கரண்டை நம்பித்தான் ஓடுகிறது. எல்இடி ஒன்று 1 வாட், 2 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். ஃபிளாஷரில் சூடாகி வளையும் தகடு இருந்தால், அந்தக் கரண்டில் தகடு சூடே ஆகாது, விளக்கு எரிந்தபடி நின்றுவிடும். எலக்ட்ரானிக் வகையாக இருந்தால் ஒரு பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு வேகமாக அடிக்கும், அது ஓட்டுபவருக்குச் சொல்லும் எச்சரிக்கை. முறையான வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை. அதற்கு மேல் போனால் பின்னால் வருகிறவருக்கு அது திரும்பும் சைகையாகவே தெரியாது.

காசு செலவழிப்பதற்கு முன்னால் ஒன்று. எல்இடி மாட்டாத வண்டியிலும் இதே கோளாறு வரும், அங்கே ரெசிஸ்டரும் வேண்டாம், புது ஃபிளாஷரும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால் அந்தப் பக்கப் பல்பு, ஹோல்டர் துரு, எர்த் வயர், இந்த மூன்றையும் பாருங்கள். இரண்டு பக்கமும் செத்திருந்தால் ஃபியூஸ், அப்புறம் ஹேண்டில் சுவிட்ச். ஐடிலில் மெதுவாக அடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சரியாகிறது என்றால் பேட்டரி இளைத்திருக்கிறது. ஃபிளாஷரைக் கழற்றி அதன் சாக்கெட்டில் பி (பேட்டரி), எல் (லோடு, அதாவது விளக்குப் பக்கம்) இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சாவியைப் போட்டுச் சுவிட்சைத் தள்ளிப் பாருங்கள். விளக்கு மினுக்காமல் நின்று எரிந்தால் வயரிங் நன்றாக இருக்கிறது, கோளாறு ஃபிளாஷரில்தான்.

பழைய பல்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஊர் பங்க் பக்கத்துக் கடையிலும் கிடைக்கும், ஃபிளாஷரும் அதற்கென்றே செய்தது. அதிர்வில் இழை அறுந்துபோவதுதான் குறை. வண்டி அதிர்வில்லாமல் அடக்கமாக ஓடுகிறது, தோற்றத்தைப் பற்றிக் கவலை இல்லை என்றால் பல்போடு இருப்பதில் ஒரு தப்பும் இல்லை. எல்இடியிலும் எல்லாம் நல்லதில்லை: மலிவான சிலவற்றில் வெளிச்சம் நேர் பின்னால் மட்டும் போகும், பக்கத்து லேனில் வருகிற பஸ் டிரைவர் கண்ணுக்குப் படாது. வாங்கும்போதே பக்கவாட்டில் நின்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது ரெசிஸ்டர். தங்க நிறத்தில் வரி வரியாக அலுமினிய உடம்போடு வரும், 25 வாட் 10 ஓம் என்று எழுதியிருக்கும், இன்னும் பெரியது 50 வாட் 6 ஓம். சிக்னல் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில், எல்இடிக்குப் பேரலலாக இணைக்க வேண்டும், சீரிஸில் அல்ல. ஃபிளாஷர் தேடுகிற கரண்டை இது வெறுமனே இழுத்துக் காட்டுகிறது. வண்டி ஓடும்போது 13.5 வோல்ட் என்று வைத்தால் 10 ஓம் ரெசிஸ்டர் 1.35 ஆம்பியர் இழுக்கும், அதாவது 18 வாட், முழுக்க வெப்பம். விட்டு விட்டு எரிவதால் சராசரி அதில் பாதி என்றாலும், சென்னை கத்திப்பாரா மாதிரி இடத்தில் டிராஃபிக்கில் சிக்னலைப் போட்டபடி நின்றால் கை வைக்க முடியாத சூடு வந்துவிடும். அந்த 25 வாட் என்கிற கணக்கே உலோகத்தோடு இறுக்கி மாட்டினால்தான். காற்றில் தொங்கவிட்டால் அவ்வளவு தாங்காது. ஆனால் பைக்கில் இதை எங்கே மாட்டுகிறார்கள் பாருங்கள்: சீட்டுக்குப் பின்னால் இருக்கிற டெயில் கவுலுக்குள் பிளாஸ்டிக்கை ஒட்டி, கேபிள் டை போட்டு, பக்கத்தில் வயரிங் கிட் ஓடும் இடத்தில். கரண்ட் மிச்சம் என்றுதான் எல்இடிக்கே போகிறோம், ரெசிஸ்டர் போட்டால் அந்த மிச்சமும் போய்விடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது அந்தச் சூடுகூட இல்லை, இணைப்புகள்தான். இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. ஒரு ரெசிஸ்டருக்கு இரண்டு இணைப்பு. பக்கத்துக்கு ஒன்று போட்டாலே நான்கு இடத்தில் கம்பெனி வயரைச் சுரண்டியோ கிளிப் குத்தியோ ஆக வேண்டும், நான்கு விளக்குக்கும் போட்டால் எட்டு. சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடினால் நன்றாக நிற்கும், ஆனால் தெருவோர வேலையில் வயரைச் சுரண்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவதோடு முடிந்துவிடும், அல்லது வயரின் தோலைக் குத்தி இணைக்கிற நீல நிறக் கிளிப்பை அழுத்திவிட்டுப் போவார்கள். சென்னையில் அக்டோபர், நவம்பர் மழையில் பின் சக்கரம் அள்ளி வீசுகிற தண்ணீர் முழுக்க அந்த இடத்துக்குத்தான் போகிறது. தம்பி வண்டியில் இடது இண்டிகேட்டர் ஒருநாள் அடிக்கும், ஒருநாள் அடிக்காது. கவுலைக் கழற்றி நீலக் கிளிப்பைப் பிரித்தபோது உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தன, நாலைந்து இழைதான் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ரெசிஸ்டர் அப்படியே நன்றாக இருந்தது, விளக்கும் நன்றாக இருந்தது. கெட்டது இணைப்பு மட்டும்தான். இந்த மாதிரிக் கோளாறு பழுது பார்ப்பவரைப் பாடாய்ப் படுத்தும், ஏனென்றால் மெக்கானிக் கடையில் நிற்கும்போது அது சரியாக அடிக்கும்.

ஃபிளாஷரில் இந்தத் தொல்லை இல்லை. பழையதைப் பிடுங்கி, புதியதைச் செருக வேண்டும், ஒரு வயரையும் வெட்ட வேண்டாம். சைடு கவருக்குள்ளேயோ டேங்குக்கு அடியிலேயோ ஹெட்லைட் டூமுக்குள்ளேயோ ரப்பர் பிடிப்பில் தொங்கும், பெரும்பாலும் மழை நேராகப் படாத இடம். எல்இடிக்கென்று விற்கிற எலக்ட்ரானிக் ஃபிளாஷர் லோடு எவ்வளவு என்று பார்க்காது, தன் வேகத்துக்கு அடிக்கும், ஒரு பக்கம் பல்பும் ஒரு பக்கம் எல்இடியும் இருந்தாலும் அதே வேகம்தான். சென்னை ஜிபி ரோடு ஸ்பேர்ஸ் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது, விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கவனிக்க வேண்டியது பின்கள். இரண்டு பின் ஃபிளாஷரில் பேட்டரி, லோடு இரண்டும் மாறிவிட்டால் எலக்ட்ரானிக் வகை வேலை செய்யாது. மூன்று பின்னில் பி பேட்டரி, எல் லோடு, இ எர்த். வெளியே வாங்குகிற சிலவற்றில் பின் வரிசை கம்பெனி வரிசையோடு ஒத்துப்போகாது, சாக்கெட்டில் அழகாக உட்காரும், ஆனால் அடிக்காது. அதனால் பழையதைக் கழற்றியதும் சாவியைப் போட்டு மல்டிமீட்டரால் பாருங்கள்: எப்போதும் 12 வோல்ட் காட்டும் வயர் பி, சாவியை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஃபிரேமோடு தொடர்பு காட்டுவது இ, சுவிட்சுக்குப் போவது எல். பழையது இரண்டு பின், புதியது மூன்று பின் என்றால் எர்த்துக்கு ஒரு வயர் மட்டும் இழுத்து ஃபிரேம் போல்ட்டில் போடுங்கள், பெயிண்டைச் சுரண்டிவிட்டு. இன்னொன்று, டிக் டிக் சத்தம் வருகிற வகையையே வாங்குங்கள். சத்தமே இல்லாத வகையில் திரும்பிய பிறகும் இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிடுவோம், பின்னால் வருகிறவருக்கு அது ஆபத்து. திருகி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வகையும் வருகிறது, அதை நான் மாட்டி ஓட்டியதில்லை, அதனால் எத்தனை நாள் தாங்கும் என்ற பேச்சுக்குள் போகவில்லை.

ஃபிளாஷர் மாற்றியும் ஒரு பக்கம் சுவிட்ச் போட்டால் நான்கு விளக்கும் சேர்ந்து அடிக்கிறது என்று பலர் ரெசிஸ்டர் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அது ஃபிளாஷர் கோளாறு இல்லை. மீட்டரில் இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே பைலட் பல்பு இருக்கிற வண்டிகளில்தான் இப்படி வரும். அந்தப் பல்பு இரண்டு பக்க வயருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, இடது பக்கம் போட்டால் அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் வலது பக்கமும் கசியும். பழைய பல்பு அதற்கு எரியாது, எல்இடிக்கு அதுவே போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற 4007 டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) இரண்டு எடுத்து, இடது, வலது வயர்களை ஆளுக்கொரு டயோடு வழியாக, வெள்ளைக் கோடு பைலட்டைப் பார்த்தபடி, பல்பின் ஒரு முனையில் சேர்த்து, மறுமுனையை எர்த்தில் போட்டால் தீர்ந்தது. ரெசிஸ்டர் போட்டாலும் இந்தச் சிக்கல் தானாகப் போய்விடும், கசியும் கரண்ட் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு ஓடிவிடுவதால். ரெசிஸ்டருக்கு நியாயமாகக் கொடுக்க வேண்டிய மதிப்பெண் இது. டயோடு வேலையிலும் இணைப்பு உண்டுதான், ஆனால் அது டூமுக்குள், தண்ணீர் தெறிக்காத இடத்தில்.

ரெசிஸ்டர் போட்டால் விளக்கு செத்தால் வேகமாக அடித்துக் காட்டும், ஃபிளாஷரில் அந்த வசதி போய்விடும் என்று ஒரு வாதம் உண்டு. பாதிதான் சரி. எல்இடி செத்தாலும் ரெசிஸ்டர் அதே கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும், ஃபிளாஷருக்கு ஒன்றும் தெரியாது. வயரே அறுந்தால்தான் தெரியும். ஆகவே எது போட்டாலும் வாரம் ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்து நான்கையும் பார்த்துவிடுங்கள்.

ரெசிஸ்டர்தான் வழி என்கிற வண்டிகளும் இருக்கின்றன. புதிய சில பிஎஸ் 6 வண்டிகளில் தனி ஃபிளாஷரே கிடையாது, மினுக்குகிற வேலையைக் கன்ட்ரோல் யூனிட்டே பார்த்துக்கொள்ளும், மாற்றுவதற்கு அங்கே பொருளே இல்லை. அப்படி இருந்தால் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, ரெசிஸ்டரை ஃபிரேம் உலோகத்தில் போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள், வாரண்டி இருக்கும் வண்டி என்றால் வயரில் கை வைப்பதற்கு முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். தனி ஃபிளாஷர் இருக்கிற வண்டி என்றால் கழற்றிய பழையதையும் பழைய இண்டிகேட்டர் செட்டையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். வண்டியை விற்கும்போது அரை மணி நேரத்தில் கம்பெனி நிலைக்குத் திருப்பிவிடலாம், வாங்க வருகிறவர் சைடு கவரைத் திறந்து பார்த்தாலும் வெட்டிய வயர் ஒன்றும் கண்ணில் படாது.