சிறுநீரக மருத்துவம் படிக்க எது நல்லது: அரசுக் கல்லூரி டி.எம்.மா, தனியார் மருத்துவமனை டி.ஆர்.என்.பி.யா?

எம்.டி. பொது மருத்துவம் முடித்து, உயர் சிறப்புப் படிப்புகளுக்கான நீட் எஸ்.எஸ். தேர்வின் ரேங்க் வந்ததும் அழைக்கும் ஜூனியர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணா, நெஃப்ரோதான்னு முடிவு பண்ணிட்டேன். கவர்ன்மென்ட் காலேஜ்ல டி.எம். எடுக்கவா, சென்னையில பெரிய பிரைவேட்ல டி.ஆர்.என்.பி. எடுக்கவா?" இரண்டுமே எம்.டி.க்கு மேல் படிக்கும் உயர் சிறப்புப் படிப்புகள். நான் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் டி.எம். படித்தவன். என்னோடு எம்.டி. படித்த நெருங்கிய நண்பர் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் டி.ஆர்.என்.பி. முடித்தார். இப்போது இருவருக்கும் ஒரே மாவட்டத்தில்தான் வேலை. சிக்கலான நோயாளி வந்தால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். அரசுக் கல்லூரி டி.எம். பக்கம் நான் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியார் பக்கம் நான் சொல்வதில் பாதி என் நண்பர் வழியாகத் தெரிந்துகொண்டது.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருஷம், எம்.டி. மூன்று, அதற்கு மேல் இன்னும் மூன்று. இரண்டு வழியிலும் இதே கணக்குதான், இரண்டுக்கும் நீட் எஸ்.எஸ். மதிப்பெண்தான். டி.எம். பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது, டி.ஆர்.என்.பி.யைத் தேசியத் தேர்வு வாரியம் தருகிறது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் உயர் சிறப்பு இடங்களில் பாதியை அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு ஒதுக்கி 2020-ல் அரசாணை வந்தது. உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் அதற்கு அனுமதி கொடுத்தது. அரசுப் பணியில் இருப்பவர் அந்த வாய்ப்பை விட வேண்டாம். எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ., ஜிப்மர் போன்ற இடங்களுக்கு ஐ.என்.ஐ. தேர்வு தனி. அங்கே இடம் கிடைத்தால் யோசிக்காமல் போய்ச் சேருங்கள். 1971-ல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நடந்த வேலூர் சி.எம்.சி.யையும் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

அடுத்து எல்லோரும் கேட்பது கைவேலை பற்றி, அதாவது சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துணுக்கு எடுக்கும் பயாப்சி, டயாலிசிஸுக்கு நீண்ட நாள் இருக்கும் குழாயான பெர்ம்கேத் போன்றவை. "எத்தனை பயாப்சி கிடைக்கும், கழுத்தில் டயாலிசிஸ் கதீட்டர் போட விடுவார்களா, பெர்ம்கேத் யார் போடுவார்கள்?" அரசு மருத்துவமனையில் இதற்குப் பஞ்சமே இல்லை. முதல் வருஷத்திலேயே கை பழகிவிடும். தனியாரில் இது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் பயாப்சி ரேடியாலஜி துறையின் கையில் இருக்கிறது, சில இடங்களில் பணம் கட்டும் நோயாளிக்குக் கன்சல்டன்ட்தான் ஊசி பிடிக்கிறார். ஆனால் இதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கைவேலை கொஞ்சம் தாமதமானாலும் வந்துவிடும். என் நண்பர் இன்று என்னைவிடச் சுத்தமாகப் பெர்ம்கேத் போடுகிறார்.

நோய்களின் வகையும் அப்படித்தான். கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீர் நின்று போனவர், தலைச்சாயத்தைக் குடித்துத் தசை சிதைந்து சிறுநீர் கறுத்தவர், எலிக்காய்ச்சல், பிரசவத்துக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்த பெண் என்று அரசு மருத்துவமனைக்கு ஒரே இரவில் எல்லாம் வரும். இரண்டு மெஷின்தான் காலியாக இருக்கும், நான்கு பேர் காத்திருப்பார்கள். பொட்டாசியத்தையும் இ.சி.ஜி.யையும் மூச்சுத் திணறலையும் பார்த்து, யார் முதலில் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இப்படி முடிவெடுத்துப் பழகியவருக்குப் பிறகு எந்த ஊரில் உட்கார்ந்தாலும் பயம் வராது.

ஆனால் நான் டி.எம். பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுவும் இல்லை. நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: மூன்று வருஷமும் ஒரே நோயாளியை நீங்களே தொடர்ந்து பார்க்க முடியுமா?

மாரடைப்பில் வந்தவருக்கு அடைப்பை எடுத்தால் அன்றைக்கே பலன் தெரியும். சிறுநீரகத்தில் அப்படி இல்லை. சிறுநீரக வடிகட்டிகளில் தழும்பு விழும் எஃப்.எஸ்.ஜி.எஸ். நோயில் இன்று ஆரம்பிக்கும் ஸ்டீராய்டு வேலை செய்கிறதா என்று தெரிய 16 வாரம்கூட ஆகலாம். வடிகட்டிச் சவ்வு தடித்துச் சிறுநீரில் புரதம் போகும் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதியில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வீரியமான மருந்து எதுவும் இல்லாமலே புரதம் போவது குறைந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் அடங்கும், மறுபடி கிளம்பும். ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் சிறுநீரகத்தில் படியும் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி பல வருஷங்கள் ஓடும். வார்டில் பயாப்சி எடுத்து, ரிப்போர்ட் பார்த்து, மருந்து எழுதி அனுப்பியதோடு உங்கள் பார்வை நின்றுவிட்டால் நோயின் முதல் பக்கத்தை மட்டுமே படித்திருக்கிறீர்கள்.

ஒரு நோயாளியைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய விவசாயி. காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருக்கும், மாலையில் கால் வீங்கும். சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் நாட்டு மருந்துப் பொடி சாப்பிட்டு வந்திருந்தார். பயாப்சியில் மெம்ப்ரனஸ், சிறப்புச் சாயத்தில் நெல்-1 என்ற புரதம் பாசிட்டிவ். பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளுக்கும் இந்த வகை மெம்ப்ரனஸுக்கும் உள்ள தொடர்பைச் சென்னையிலிருந்து வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. கேரளாவில் சருமத்தை வெளுப்பாக்கும் கிரீம்களோடு இதே நோயை இணைத்திருக்கிறார்கள். எங்கள் பேராசிரியர் ஸ்டீராய்டு எழுத விடவில்லை. பொடியை நிறுத்தச் சொல்லி, ரத்த அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் மட்டும் கொடுத்து, மாதம் ஒருமுறை வரச் சொன்னார்.

எனக்கு மனசே ஒப்பவில்லை. அந்த விவசாயியும் கேட்டார்: "சார், வீக்கம் அப்படியே இருக்கு, பெரிய மருந்து எதுவும் எழுத மாட்டேங்கறீங்களே?" மாதாமாதம் அவருடைய ஓ.பி. நோட்டில் நானே எழுதினேன். மூன்று பிளஸ், மூன்று பிளஸ், இரண்டு, மறுபடி மூன்று, இரண்டு, ஒன்று, கடைசியில் டிரேஸ். ஆல்புமின் மெல்ல ஏறியது. செருப்புக்குள் கால் நுழைகிறது என்று அவர் சொன்ன மாதத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. இன்று அதே மாதிரி ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தால், பதற்றப்படாமல் காத்திருக்கும் தைரியம் எனக்கு இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையைப் படித்தால் தகவல் கிடைக்கும். இந்தத் தைரியத்தை அந்த ஓ.பி. நோட்டில்தான் பெற்றேன்.

மாற்றுச் சிறுநீரக ஓ.பி.யில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். எங்கள் மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை இலவசமாகக் கொடுத்தோம். அதனால் மாதாமாதம் அவர்கள் வந்தே ஆக வேண்டும், வருவார்கள். அந்த மருந்துகளில் ஒன்றான டாக்ரோலிமஸின் அளவு பார்க்க ரத்தம் எடுக்கும்முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "காலை மாத்திரை போட்டுட்டீங்களா?" போட்டுவிட்டு வந்திருந்தால் அந்த அளவை நம்ப முடியாது. "போட்டா பஸ்ஸில வாந்தி வருது சார், அதான் இங்க வந்து போடலாம்னு கையில வச்சிருக்கேன்" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் வீட்டிலும் எத்தனை வேளை விட்டிருப்பார் என்று கேட்கத் தோன்ற வேண்டும். ஒரு கம்பெனி மாத்திரை மாறி இன்னொன்று வந்த மாதம் அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்கத் தோன்ற வேண்டும். ரத்த அழுத்த மருந்தான டில்டியாசெம் சேர்த்தால் டாக்ரோலிமஸ் அளவு ஏறும். காசநோய்க்கு எங்கோ ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் அது தரைமட்டத்துக்கு இறங்கும், சிறுநீரகமே போய்விடலாம். நம் நாட்டில் மாற்றுச் சிறுநீரக நோயாளிக்குக் காசநோய் வருவது அபூர்வம் இல்லை. இவை எல்லாம் பாடப் புத்தகத்திலும் உண்டு. ஆனால் சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் போன மாதம் 1.2 இருந்து இந்த மாதம் 1.6 ஆனதை, போன மாதமும் அவரைப் பார்த்த நீங்களே பிடிக்கும்போதுதான் அது உடம்பில் ஊறும்.

தனியாரில் இது ஏன் கடினம்? அங்கே நோயாளி கன்சல்டன்ட்டைத் தேடி வருகிறார், அவரைத்தான் பார்ப்பார். அதில் தவறு ஒன்றும் இல்லை, அவர் கொடுக்கும் பணம் அதற்குத்தான். பயிற்சி மருத்துவர் வார்டு, ஐ.சி.யூ., டயாலிசிஸ் என்று சுற்றிக்கொண்டிருப்பார், ஓ.பி.யில் உட்கார்ந்தாலும் குறிப்பு எழுதுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். இன்னொன்று, பணம். மாற்று அறுவைக்கு எப்படியோ திரட்டிவிடுகிறவர்கள் அதன் பிறகு மாதாமாதம் மருந்துக்கும் பரிசோதனைக்கும் செலவழிக்க முடியாமல் சொந்த ஊர்ப் பக்கம் போய்விடுகிறார்கள். என் நண்பர் அறுவை முடிந்த முதல் சில வாரங்களை என்னைவிட நன்றாகக் கையாள்வார், அவர் பார்த்த எண்ணிக்கை அப்படி. ஆனால் இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் என்ன நடக்கிறது என்பதைக் கன்சல்டன்ட் ஆன பிறகுதான் தானாகக் கற்றுக்கொண்டதாக அவரே சொல்வார்.

அரசு மருத்துவமனையிலும் நோயாளிகள் தொலைந்து போகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். பஸ் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் பயந்து வராமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸ் இலவசம் என்றாலும் வாரம் மூன்று முறை வர வேண்டியவர் இரண்டு முறை வருவார், அப்புறம் ஒருநாள் நுரையீரல் நிறைய நீரோடு ராத்திரியில் வருவார்.

டி.ஆர்.என்.பி. தெளிவாக முந்தும் இடங்களும் உண்டு. ஐ.சி.யூ.வில் இடைவிடாமல் ஓடும் டயாலிசிஸான சி.ஆர்.ஆர்.டி.யை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. சில மணி நேரம் மெதுவாக ஓடும் டயாலிசிஸான ஸ்லெட் வைத்தே சமாளித்தோம். ரத்த வகை பொருந்தாத மாற்று அறுவை, எதிர்ப்புப் புரதங்களைக் குறைத்துவிட்டுச் செய்யும் மாற்று அறுவை ஆகியவற்றில் என் அனுபவம் மெலிவு. அந்த நோயாளி வந்தால் நண்பரைத்தான் அழைக்கிறேன். பயாப்சி ஸ்லைடுகளை நோய்க்குறியியல் நிபுணரோடு உட்கார்ந்து வாராவாரம் பார்க்கும் பழக்கமும் அவருக்கு நன்றாக வாய்த்திருந்தது. வேலைச் சுமையால் எங்களுக்கு அது அடிக்கடி தட்டிப்போனது. ஐ.சி.யூ. சார்ந்த நெஃப்ராலஜியோ, பெருநகரில் மாற்று அறுவைக் குழுவோதான் உங்கள் திட்டம் என்றால் நல்ல டி.ஆர்.என்.பி. இடம் உங்களுக்குப் பொருத்தமாகவே இருக்கலாம்.

தேர்வைப் பற்றி டி.ஆர்.என்.பி. ஆட்களுக்கு ஒரு பதற்றம் இருக்கிறது. உங்களை மூன்று வருஷம் பார்த்த பேராசிரியர் டி.எம். தேர்வறையில் இருப்பார், வாரியத் தேர்வில் அந்த ஆறுதல் கிடையாது என்கிறார்கள். தயாரிப்பில் அதை மனதில் வையுங்கள். டி.எம். பக்கம் இருக்கும் கட்டு, முடித்த பிறகான அரசு ஒப்பந்தப் பணி. அதன் காலமும், மீறினால் கட்ட வேண்டிய தொகையும் மாறிக்கொண்டே இருப்பவை. சீனியர் சொன்னதை நம்பாமல் உங்கள் கலந்தாய்வு வருஷத்து விதிமுறையை நீங்களே படியுங்கள்.

எல்லா அரசுக் கல்லூரியும் ஒன்றல்ல, எல்லாத் தனியாரும் ஒன்றல்ல. மாற்று அறுவையே நடக்காத அரசுக் கல்லூரியில் நான் சொன்ன பலனில் பாதி போய்விடும். பயிற்சி மருத்துவருக்கென்று தனி ஓ.பி. வைத்திருக்கும் அறக்கட்டளை மருத்துவமனை இருந்தால் அதை முதலில் எழுதுங்கள். அதனால் விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்குமுன் நேரில் போய் இரண்டாம் வருஷ மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். எத்தனை பயாப்சி போட்டாய் என்று கேட்க வேண்டாம். "போன வருஷம் நீ பயாப்சி எடுத்த நோயாளி இப்போ எப்படி இருக்காரு?" என்று கேளுங்கள். அவர் தயங்காமல் பதில் சொன்னால் அந்த இடத்தை மேலே போடுங்கள், அது எந்தப் பட்டமாக இருந்தாலும் சரி.