ஒரே ஆள், இரண்டு பேர்: ரங்கூனில் ஒரு கீமோ நாள்

சிங்கப்பூரிலிருந்து ரங்கூன் போய்த் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. விமானம், இமிகிரேஷன், டாக்சி எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியதெல்லாம் ஒரு புதன்கிழமை காலை, ஒரு மரப் பெஞ்சில் நடந்தது.

அக்காவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, 21 நாளுக்கு ஒருமுறை கீமோ. இது மூன்றாவது தவணை. காலையில் போய் மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் இரண்டு தடவையும் அத்தான் கூடப் போனார். இந்தத் தடவை, "நான் பார்த்துக்கிறேன் அத்தான், நீங்க கடையைப் பாருங்க" என்று வீராப்பாகச் சொன்னேன். மாமியாருக்காகச் சிங்கப்பூரில் ஒரு வருஷம் இதே வைத்தியத்துக்கு அலைந்தவன். எனக்குத் தெரியாததா?

முதல் நாளே எல்லாம் தயார். ஊசி போட வசதியாகக் கை தளர்ந்த சட்டை, மருந்து ஏற்றும் அறையில் குளிருமே என்று சால்வை, காலுக்கு உறை. சாப்பிடும் மாத்திரைகளை ஒரு தாளில் எழுதினேன். அக்கா மறைத்து வைத்திருந்த நாட்டு மருந்துப் பொடியையும் விடவில்லை. "அதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்வாங்களாடா?" என்றாள். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன். மருந்து ஒன்றை வெளியே வாங்கி நாங்களே கொண்டுபோக வேண்டியிருந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு. ராத்திரி இரண்டு தடவை கரண்ட் போனது. நான் தூங்காமல் ஐஸ் பெட்டிக்குக் காவல். ரத்தப் பரிசோதனை முதல் நாளே வீட்டுப் பக்கத்து லேபில் முடிந்திருந்தது. அக்கா மகள் கூட்டிப் போய் வந்தாள்.

காலை எட்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா பாத்ரூம் போனாள். உள்ளேயிருந்து ஒரு சயாமா (நர்ஸை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வந்து, 'டோ' என்று பெரிய பெண்களுக்கான மரியாதைச் சொல்லில் தொடங்கி ஒரு பர்மியப் பேரைக் கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். யாரடா இந்தப் பொறுப்பில்லாத பொம்பளை என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு, ஃபைலைக் கட்டின் அடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா வந்தாள். "என்னைக் கூப்பிட்டாங்களா?"

"இல்லையே."

அரை மணி நேரம் கழித்துத்தான் பொறி தட்டியது. அது அக்கா பேர்!

பர்மாவில் பிறந்த நம்மவர்களுக்கு இது புதிதல்ல. வீட்டில் குலதெய்வத்தின் பேர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது டீச்சர் ஒரு பர்மியப் பேர் வைப்பார். அங்கே பிறந்த கிழமைக்கு ஏற்ற எழுத்தில்தான் பேர் தொடங்கும். கிழமை கேட்டபோது அப்பா வாயில் வந்தது வெள்ளி. அதனால் 'த' சத்தத்தில் ஒரு பேர் விழுந்தது. அவள் பிறந்தது செவ்வாய் என்று அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அடையாள அட்டையிலும் அந்த வெள்ளிக்கிழமைப் பேர்தான். (இரண்டு பேரையும் இங்கே எழுதினால் அக்கா என்னைத் தொலைத்துவிடுவாள்.) எனக்கு அவள் அக்கா. அந்தப் பேரை நான் வாயால் சொல்லியே 40 வருஷம் இருக்கும்.

கட்டின் அடியிலிருந்த ஃபைல் மறுபடி மேலே வந்து, அதே பேரைக் கூப்பிட்டபோது அக்கா எழுந்தாள். பின் வரிசையில், கன்னத்தில் தனாகா மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு பர்மிய அம்மாவும் எழுந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பேர்! ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அங்கேதான் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாதே. சயாமா அட்டையை வாங்கித் தகப்பன் பேரைப் பார்த்தாள். எங்கள் அப்பாவின் ஐந்து எழுத்துத் தமிழ்ப் பேரை உடைத்து உடைத்து அவள் படித்ததைக் கேட்டிருந்தால் அப்பாவே சிரித்திருப்பார்.

அதோடு விடவில்லை. ரத்த ரிப்போர்ட்டை எடுத்தாள். அதில் வீட்டுப் பேர். லேபில் கேட்டதும் அக்கா மகள் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

"ஆன்ட்டி, இது யாருடைய ரத்தம்?"

எனக்கு வந்ததே கோபம். துருப்பிடித்த பர்மியத்தில் ஆரம்பித்தேன். சிங்கப்பூரில் மணிக்கட்டில் பட்டை கட்டுவார்கள், கோடு கோடாய் இருப்பதை மெஷினில் காட்டினால் போதும், இப்படியா மனுஷரைப் படுத்துவது என்று. அக்கா என் தொடையில் கிள்ளினாள். "தம்பி, பேசாம உட்காரு. இது உன் ஊர் இல்ல."

சுருக்கென்றது. இரண்டு தெரு தள்ளித்தான் நான் பிறந்த வீடு.

சயாமா குரலை உயர்த்தவேயில்லை. வெள்ளை அணுவில், கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் எவ்வளவு என்று பார்த்துத்தான் மருந்து கலப்பார்களாம். 1,500-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். அந்த அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்த்து உங்கள் அக்காவுக்கு ஏற்றினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா என்று கேட்டாள். சிங்கப்பூரில் மட்டும் என்ன, ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் மாமியாரிடம் பேரும் பிறந்த தேதியும் கேட்பார்கள். அவர் சலித்துக்கொள்வார், நான்தான் சமாதானம் சொல்வேன். வாயை மூடிக்கொண்டேன்.

மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் ஊசி போடக் கூடாது. மிச்சமிருப்பது ஒரு கை. அதிலும் முதல் நாள் குத்திய இடம் நீலம் பாரித்திருந்தது. புறங்கையை இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். நரம்பு தலைகாட்டவில்லை. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்காவைப் பிடிக்கச் சொன்னாள். ஐந்து நிமிஷம் கழித்துச் சுண்டுவிரல் பக்கம் மெல்லியதாய் ஒரு பச்சைக் கோடு எழும்பியது. அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் ஒரு பேரைச் சரியாகச் சொல்லியிருந்தால் இந்த ஒரு குத்து மிச்சம்.

ரிப்போர்ட் வர ஒன்றரை மணி நேரம். எதிர் டீக்கடையில் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் கொடுத்தேன். பையன் சட்டென்று திரும்பினான். அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும். சிங்கப்பூரில் செய்தால் அடி விழும்.

எண்ணிக்கை 1,700. மருந்து ஏறியது. கிளம்பும்போது சயாமா, காய்ச்சல் 38 டிகிரி தொட்டால் ராத்திரியென்று பார்க்காமல் வரவேண்டும், பத்து நாளைக்குக் கூட்டத்துக்குள் போகக் கூடாது என்றாள். பிறகு ஃபைல் அட்டையில் பர்மியப் பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'க' என்று ஒற்றை எழுத்துப் போட்டு, அக்காவிடம் கேட்டுக் கேட்டு வீட்டுப் பேரையும் எழுதினாள். நம் 'என்கிற' மாதிரி அவர்களுக்கு அந்த 'க'.

கோயிலுக்கு அக்கா வரமுடியாது என்பதால் வெள்ளிக்கிழமை நான் மட்டும் பிரேசர் ஸ்ட்ரீட் காளி கோயிலுக்குப் போனேன். போர்டில் அனவ்ரதா ரோடு என்றுதான் இருக்கிறது. எனக்கு வாயில் வருவது அந்தப் பழைய பேர்தான். தட்டை நீட்டினேன்.

"பேர், நட்சத்திரம்?"

சொன்னேன். ஒரு விநாடி யோசித்து, 'என்கிற' என்று சேர்த்து மற்றதையும் சொன்னேன். குருக்கள் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு அர்ச்சனையா?"

"இல்ல சாமி, ஒரே ஆள்தான்."