கூட்ட நேரத்து நெட்வொர்க்: கட்டுப்பாட்டு சேனலுக்கு எந்த வழி மேல்?

வேலூரில் காலை நேரத்தில் சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஐடா ஸ்கடர் சாலையில் நிற்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். ஃபோனில் சிக்னல் முழுதாகக் காட்டும், ஆனால் மருந்துக் கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நோயாளியைக் கூட்டிக்கொண்டு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்களுக்கு அந்த ஃபோன்தான் பர்ஸ், அதுதான் ஊரோடு பேசும் வழி. இந்த நெரிசலுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று கட்டுப்பாட்டு சேனல் நிரம்பிப்போவது.

டேட்டா வருவதற்கு முன்னால், அது எந்த இடத்தில் வருகிறது, ஃபோன் எப்போது அனுப்பலாம் என்று டவர் ஒவ்வொரு ஃபோனுக்கும் தனித்தனியாக உத்தரவு சொல்ல வேண்டும். அந்த உத்தரவு போகும் பாதைதான் கட்டுப்பாட்டு சேனல். ஓபியில் டோக்கன் எண் கூப்பிடுவது மாதிரி இது. உள்ளே டாக்டர் சும்மா இருந்தாலும், எண்ணைக் கூப்பிடாவிட்டால் யாரும் உள்ளே போக முடியாது.

4ஜியில் ஒரு மில்லி நொடி, சிம்பல் எனப்படும் 14 சிறு நேரக் கூறுகளாகப் பிரிகிறது. வழக்கமான அலைவரிசைகளில் தொடக்கத்தில் இருக்கும் 1 முதல் 3 சிம்பல் வரை உத்தரவுக்கு ஒதுக்கலாம். அந்தப் பகுதிதான் பிடிசிசிஎச். 20 மெகாஹெர்ட்ஸில் மூன்றையும் கொடுத்தால் உத்தரவு வைக்க ஏறக்குறைய 85 துண்டுகள் கிடைக்கும். சிக்னல் நன்றாக இருக்கும் ஃபோனுக்கு ஒரு துண்டு போதும். சுவருக்கு உள்ளேயோ செல்லின், அதாவது டவர் எட்டும் பகுதியின், ஓரத்திலோ இருப்பவருக்கு ஒரே உத்தரவை 8 துண்டுகளில் பரப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். எல்லாரும் அப்படி இருந்தால் பத்து உத்தரவோடு தீர்ந்துவிடும். அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என்று உத்தரவும் தனித்தனி. யுபிஐ மாதிரி சின்னச் சின்ன வேலைகள் குவியும்போது டேட்டாவுக்கு இடம் மிச்சமிருக்கும், கூப்பிடத்தான் இடம் இருக்காது.

முதல் வழி, சிம்பலைக் கூட்டுவது. டவரின் செட்டிங்கில் ஒரு மாற்றம், செலவு கிடையாது. ஆனால் கூட்டும் ஒவ்வொரு சிம்பலும் டேட்டாவிலிருந்து சுமார் 7 சதவீதத்தைத் தின்னும். மூன்றுக்கு மேல் போகவும் முடியாது. பெரிய குறை என்னவென்றால், 4ஜியின் இந்த உத்தரவு எல்லாருக்கும் பொதுவான குறிப்பு சிக்னலை (வந்ததைச் சரியாகப் படிக்க ஃபோன் ஒப்பிட்டுப் பார்க்கும் சிக்னலை) நம்பி நிற்கிறது. அதனால் தனி ஃபோனைப் பார்த்து அதைத் திருப்ப முடியாது. மருத்துவமனை வாசலில் நிற்பவருக்கான உத்தரவு அந்த செக்டர், அதாவது டவர் பார்க்கும் அந்தப் பக்கம், முழுவதும் பரவி வீணாகிறது.

பீம்ஃபார்மிங் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. பல ஆன்டெனாக்களின் அலைகளை ஒரு ஃபோன் இருக்கும் திசையில் ஒரு கற்றையாக, அதாவது பீமாக, ஒன்றுகூடும்படி ஒத்திசைக்கிறார்கள். அதே மொத்த சக்தியில், நான்கு ஆன்டெனா சரியாக ஒத்திசைந்தால் வலிமை கொள்கையளவில் 4 மடங்கு. 8 துண்டு கேட்ட ஃபோனுக்கு 2 போதும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது, சரி. பாதி கிடைத்தாலும் 8 என்பது 4 ஆகும், அதாவது அதே இடத்தில் இரண்டு மடங்கு பேரைக் கூப்பிடலாம். திசைகள் நன்றாக விலகியிருந்தால் ஒரே துண்டில் இரண்டு பேருக்கும் சொல்லலாம். சிம்பலைக் கூட்டுவதில் இது நடக்கவே நடக்காது.

இதை 4ஜியிலேயே செய்ய, மொபைல் நெட்வொர்க்குகளுக்கு விதி வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் 11ஆம் வெளியீட்டில் இபிடிசிசிஎச் என்பதைக் கொண்டுவந்தது. டேட்டா பகுதிக்குள்ளேயே உத்தரவை வைத்து, அந்த ஃபோனுக்கென்றே தனிக் குறிப்பு சிக்னலும் தருவார்கள். யோசனை அருமை. ஆனால் உத்தரவு அந்த மில்லி நொடியின் கடைசி வரை நீள்வதால் ஃபோன் டேட்டாவைப் பிரிக்கத் தாமதமாகத்தான் தொடங்க முடியும். பேஜிங் (சும்மா இருக்கும் ஃபோனை டவர் தேடிக் கூப்பிடுவது) போன்ற பொது வேலைகளுக்குப் பழைய பிடிசிசிஎச்சும் வேண்டும். ஃபோனும் இதை ஆதரிக்க வேண்டும். அதனால் இது பெரிதாகப் பரவவில்லை. இனி இதில் பணம் போடச் சொல்லமாட்டேன்.

5ஜி அந்தப் பாடத்தை முதலிலிருந்தே எடுத்துக்கொண்டது. உத்தரவு வைக்கும் கோர்செட் என்ற பகுதியை அலைவரிசையில் வேண்டிய அகலத்துக்கு, 1 முதல் 3 சிம்பலில், பெரும்பாலும் முன்பக்கமாகவே வைக்கலாம். குறிப்பு சிக்னல் உத்தரவோடு சேர்ந்தே போகிறது, ஆகவே பீமைத் திருப்பத் தடையில்லை. எந்த பீமைக் கவனிக்க வேண்டும் என்று டவர் ஃபோனுக்குச் சொல்கிறது. பீம் தவறிப்போனால் வேறொன்றைப் பிடிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் டவர் தன்னை ஃபோன்களுக்குக் காட்டிக்கொள்ளும் அறிமுக சிக்னலையே 8 திசைகள் வரை சுற்றி அனுப்பலாம்.

ஆனாலும் இது எல்லா இடத்துக்கும் மருந்தல்ல. காட்பாடியில் நிற்காமல் பாயும் ரயிலுக்குள் இருக்கும் ஃபோனை ஒடுங்கிய பீம் துரத்துவது சிரமம். அங்கே பீமை அகலமாக விட்டு, உத்தரவை 16 துண்டு வரை பரப்பும் 5ஜியின் வசதியைப் பயன்படுத்துவதே நல்லது. ஐடா ஸ்கடர் சாலையில் ஜனம் நகர்வதே மெதுவாகத்தான். பீம்ஃபார்மிங்குக்கு அதைவிடத் தோதான இடம் வேலூரில் எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், போட்டியில் இன்னொன்று இருக்கிறது: சிறிய செல்கள், அதாவது கொஞ்ச இடத்துக்கு மட்டும் எட்டும் குட்டி டவர்கள். ஒவ்வொன்றும் தனக்கென்று முழு கட்டுப்பாட்டு சேனலோடு வருவதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. அதற்கு ஃபைபரும் மின்சாரமும் கட்டட உரிமையாளர் சம்மதமும் வேண்டும். பெரிய டவரும் சிறிய செல்லும் ஒரே அலைவரிசையில் இருந்தால் உத்தரவுகள் ஒன்றோடொன்று மோதும். பெரிய டவர் சில மில்லி நொடிகளை ஏறக்குறைய காலியாக விட்டுக்கொடுக்கும் முறை 10ஆம் வெளியீட்டில் வந்ததே இதற்காகத்தான்.

என் தேர்வு, சாலைக்கு 5ஜி பீம். அதுவும் 4ஜியைச் சார்ந்து நிற்காத தனி 5ஜியாக இருந்தால் 4ஜியின் சுமை இன்னும் குறையும். ஆனால் பக்கத்துச் சந்துகளில் இருக்கும் லாட்ஜ் அறைகளில் 4ஜி ஃபோன் மட்டும் வைத்திருப்பவருக்கு அதிலிருந்து நேரடியாக எதுவும் கிடைக்காது. அந்தக் கட்டடங்களுக்குள் சிறிய 4ஜி செல்கள் வைப்பதைத்தான் முதலில் செய்ய வேண்டும், பீம் வேலை அதற்குப் பிறகு வரட்டும்.